கப்பலேறிய கொசுறு

போன மாதம், ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். இப்போது எல்லாக் காகிதமும் கம்ப்யூட்டர் வழியாகவே துறைமுகத்துக்குப் போய்விடுகிறதாம். ஒரு எண் தப்பாக விழுந்தால் அதுவே சிவப்பு எழுத்தில் காட்டிக்கொடுத்துவிடுமாம். "உங்க காலத்துல தப்பு வந்தா என்ன மேடம் பண்ணுவீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"முதல்ல சண்டை போடுவோம். அப்புறம் கார்பன் பேப்பர் தேடுவோம்" என்றேன்.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தலை நரைக்கும்வரை நான் பார்த்த வேலை அதுதான். சிறிய கம்பெனி, சின்னச் சின்னப் பெட்டிகள், பெரிய கடல். அந்தப் பெண்களிடம் வாயால் சொன்னதையே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதுகிறேன். பாடம் எதுவும் இதில் இருக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பிலோமினா. மரக்காணத்துக்குப் பக்கத்து ஊர். அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. டீச்சர் டிரெயினிங்குக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த நேரத்தில், சும்மா இருக்க வேண்டாமே என்று டைப்ரைட்டிங் கற்றேன். விரல் வலித்தது, ஹையர் பாஸ் செய்தேன், அவ்வளவுதான். டீச்சர் டிரெயினிங் இடம் இன்றுவரை வரவில்லை. பங்குச் சாமியார் ஒருநாள் பூசை முடிந்து அப்பாவைக் கூப்பிட்டு, "கோட்டக்குப்பத்துல ஜமால் பாய்னு ஒருத்தர் இங்கிலீஷ் டைப் தெரிஞ்ச ஆள் தேடுறார். நல்ல மனுஷன். பொண்ணை அனுப்புய்யா" என்றார். கோட்டக்குப்பத்தில் என் சின்னம்மா வீடு இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். எழுபதுகளின் தொடக்கம் அது.

கோட்டக்குப்பத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு எல்லை தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. தெருவைத் தாண்டினால் பாண்டிச்சேரி. கார்பன் பேப்பர் வாங்கக்கூட அங்கேதான் போக வேண்டும். திரும்பி வரும்போது செக்போஸ்ட்டில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள், பாட்டில் இருக்கிறதா என்று. உள்ளே கார்பன் பேப்பரைக் கண்டதும் அந்தப் போலீஸ்காரர் முகத்தில் வரும் ஏமாற்றத்தைப் பார்ப்பதற்காகவே நான் சில நாள் வேண்டுமென்று பையை மெதுவாகத் திறப்பேன்.

ஜமால் பாய்க்கு அப்போது கோணிப்பை வியாபாரம். கீழே கிடங்கு, மாடியில் ஆபீஸ். ஆபீஸ் என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு டைப்ரைட்டர், கடல்பக்கம் ஒரு ஜன்னல். பாய் அதிகம் பேச மாட்டார். எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பார். அந்தப் பார்ப்போமில் மூன்று ரகம் உண்டு என்று கண்டுபிடிக்க எனக்குப் பல மாதம் ஆனது. தொப்பியைச் சரிசெய்தபடி சொன்னால் சரி என்று அர்த்தம். ஜன்னலைப் பார்த்துச் சொன்னால் முடியாது என்று அர்த்தம். என்னைப் பார்த்துச் சொன்னால், நீயே யோசித்து ஒரு வழி சொல் என்று அர்த்தம்.

நான் அடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. படிப்பதற்காக அல்ல, ரப்பரால் அழித்த இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. காகிதம் எங்கேயாவது மெலிந்திருந்தால் மடித்து என் பக்கமே தள்ளிவிடுவார். "தூரத்துல இருக்கறவனுக்கு நம்ம மூஞ்சி தெரியாதும்மா. இந்தக் காயிதம்தான் மூஞ்சி. கழுவிட்டு அனுப்பு" என்பார். ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு முழுக் கடிதத்தையும் ஓர் எழுத்துக்காகத் திரும்ப அடிப்பதென்றால் சும்மாவா? ஆனால் அழிக்காமல் அடிக்க அவர் என்னைப் பழக்கிவிட்டார்.

மோர்மிளகாய் யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பஸ் ஸ்டாண்டிலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். கோட்டக்குப்பத்து ஆண்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வருவது பல தலைமுறை வழக்கம். லீவு முடிந்து கிளம்பும் ஒவ்வொருவர் கையிலும் பெட்டி படுக்கையோடு ஒரு துணி மூட்டை இருக்கும். உள்ளே மோர்மிளகாய். அம்மாவோ மனைவியோ வறுப்பதற்குத் தயாராகக் காயவைத்துக் கட்டிக் கொடுத்தது. ஒருநாள் யாரையோ வழியனுப்பிவிட்டு வந்த பாய், உட்காராமலேயே சொன்னார்: "ஒருத்தன் தூக்கிட்டுப் போனா அது பாசம்மா. பஸ்ஸுல ஏறுற அத்தினி பேரும் தூக்கிட்டுப் போனா அது வியாபாரம்."

வானூர்ப் பக்கத்து மிளகாய், அங்கேயே கிடைக்கும் மோர், மரக்காணத்து உப்பு. வெளியே இருந்து வாங்க வேண்டியது வெறும் டின் மட்டும். பினாங்கில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு ராவுத்தருக்கு எழுதினோம். மாதிரி அனுப்பச் சொன்னார். லீவு முடிந்து பினாங்குக்குத் திரும்பும் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினோம். பதில் வந்தது. ருசி பிரமாதம், ஆனால் வந்து சேரும்போது மிளகாய் ஈரத்துணி மாதிரி துவண்டு கிடந்தது என்று எழுதியிருந்தார்.

பாய் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அடுத்த நாளே ஆபீஸ் ஜன்னலில் நான்கு சட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் உப்பில் போட்ட மிளகாய். புதிதாக வாரிய உப்பு, ஒரு மழை பார்த்த அம்பாரத்து உப்பு, பொடித்த உப்பு, வறுத்த உப்பு. தினம் காலையில் ஆபீஸுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், தபால்காரர் உட்பட, நான்கையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். கடல் காற்றில் புது உப்பு மிளகாய் சீக்கிரமே பிசுபிசுத்தது. அம்பாரத்தில் கிடந்து கசப்புத் தண்ணீரெல்லாம் வடிந்த பழைய உப்பில் போட்டது மொறுமொறுவென்றே இருந்தது. "நம்ம ஊருல இதெல்லாம் தெரிஞ்சதுதானே பாய், ஊறுகாய்க்குப் பழைய உப்புதானே போடுவாங்க" என்றேன். "தெரிஞ்சது வேற, தொட்டது வேறம்மா" என்றார். தபால்காரர் மட்டும் ஒரு மாதம் விரலை முகர்ந்துகொண்டே தபால் கொடுத்தார்.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி ஒரு பழைய கொட்டகையை எடுத்தோம். அங்கே வேலைக்கு வந்த பெண்களுக்கெல்லாம் தலைவி அஞ்சலை. உப்பளத்தில் வரப்பு மேல் கூடையோடு ஓடி ஓடிக் காலெல்லாம் இரும்பு மாதிரி இருக்கும். குரலும் அப்படித்தான். கொட்டகையின் இந்த முனையிலிருந்து கூப்பிட்டால் அடுத்த உப்பளத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என்னை அவள் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "டைப்பு" என்பாள். "ஏ டைப்பு, இங்க வா, நீ இந்த மொளகா காம்பைக் கிள்ளிக் காட்டு பாப்போம்" என்பாள். காம்பைக் கிள்ளக்கூடாது, அது இருந்தால்தான் மோர்மிளகாய் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் கிள்ளினேன். கொட்டகையே சிரித்தது.

உப்பளத்து வேலை விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் ஒரு கட்டம் முடிந்துவிடும். அதன்பிறகு மிளகாய் வேலை. காம்பு போகாமல் பொறுக்கி, கீழ் நுனியில் ஊசியால் கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவைப்பார்கள். காலையில் எடுத்துப் பாயில் பரப்பி வெயிலில் காயவைத்து, மாலையில் மறுபடி அதே மோரில் போடுவார்கள். மோர் முழுவதையும் மிளகாய் குடித்து முடிக்கும்வரை இப்படியே. கடைசியில் வெள்ளை வெளேரென்று, கையில் எடுத்தால் சலசலவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம்தான் பரீட்சை. அஞ்சலை ஒரு பிடி எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்துத்தான் டின்னுக்கு அனுப்புவாள்.

கொட்டகையைப் பற்றிப் பாய்க்கு ஒரு திட்டம் இருந்தது. வெயில் காலம் முழுக்கக் காயவைத்துச் சேர்த்துவிட வேண்டும். மழைக்காலத்தில் உட்கார்ந்து தரம் பிரித்து, டின்னில் அடைத்து, அனுப்ப வேண்டும். ஏனென்றால் ஐப்பசி மழை இறங்கினால் உப்பளம் குளமாகிவிடும். வேலை கிடையாது. அஞ்சலையும் மற்றவர்களும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியூருக்கு நடவு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பு காலியாகும். அஞ்சலையின் மகள் செல்விக்குப் படிப்பு நன்றாக வரும். ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவள் பெயரை எடுத்துவிடுவார்கள். தை மாதத்தில் அஞ்சலை போய் வாத்தியாரிடம் சண்டை போட்டு மறுபடி சேர்ப்பாள்.

பாய் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். "இந்த மொத சரக்கு பினாங்கு போய்ச் சேர்ந்து, அவரு மறுபடி கேட்டாருன்னா மழைக்கும் கொட்டகை தொறந்திருக்கும். போகலைன்னா என்னால புடிச்சு வெச்சிக்க முடியாது. அல்லா காரணம், பார்ப்போம்." எந்த ரகப் பார்ப்போம் அது என்று எனக்கே தெரியவில்லை.

புரட்டாசியில் முதல் சரக்கு தயாரானது. ஒவ்வொரு டின்னையும் நிறுத்து, மூடி போட்டு, ஈயம் பற்றவைத்து, மரப்பெட்டியில் அடுக்கி, ஆணி அடித்து, பெட்டிமேல் தகட்டு அச்சை வைத்துக் கருப்பு மையால் பினாங்கு என்று இங்கிலீஷில் எழுதினோம். நான் ஏழு பிரதி காகிதம் அடித்தேன். பெட்டி, டின், எடை, விலை எல்லாம் அதில் உண்டு. பெட்டியை அப்படியே தூக்கி நிறுக்கும் அளவுக்குப் பெரிய தராசு எங்களிடம் இல்லை. டின் எடையையும் மரத்தின் எடையையும் கூட்டிப் போட்டோம்.

மெட்ராஸுக்கு லாரி கிளம்பியபோது நானும் போக வேண்டும் என்றார் பாய். ஏதாவது திரும்ப அடிக்கும்படி ஆனால் என்ன செய்வது? அதனால் டைப்ரைட்டரும் என் மடியில் வந்தது. அஞ்சலை தானும் வருவேன் என்று லாரி முன்னால் நின்றுவிட்டாள். "நான் போட்ட மொளகா ஏறப் போற கப்பலை நான் பாக்க வாணாவா பாய்?" பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு "பார்ப்போம்" என்றார். நான் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். லாரி முகப்பில் அஞ்சலை எலுமிச்சம்பழம் கட்டியிருந்தாள், நான் சிலுவை போட்டுக்கொண்டேன், பாய் பிஸ்மில்லா சொன்னார். டிரைவர், "இத்தினி பேரு காவல் இருந்தா வண்டி பிரேக் புடிக்கவே வாணாம்" என்றான்.

துறைமுகத்தில் எங்கள் வேலையைப் பார்க்க ஒரு கிளியரிங் ஏஜென்ட் இருந்தார். வாய் நிறைய வெற்றிலை. எல்லாம் ஒரு மணி நேரத்து வேலை என்று கையாலேயே சொன்னார். சுங்க அதிகாரி வந்தார். நடுத்தர வயது, வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. எங்கள் காகிதத்தை வாங்கி, என்ன ஆச்சரியம், அவரும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது ஒரு பெட்டியை நிறுங்க" என்றார் அதிகாரி.

நிறுத்தார்கள். காகிதத்தில் இருந்ததைவிடக் கூடுதல். இன்னொன்று. அதுவும் கூடுதல். மூன்றாவதை அவரே கைகாட்டித் தேர்ந்தெடுத்தார். அதுவும். கிளியரிங் ஏஜென்ட் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர், நல்ல தூரத்தில் போய் நின்றுகொண்டார்.

அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. "ஒரு பெட்டி கூடினா தவறு. எல்லாப் பெட்டியும் கூடினா அது திட்டம். இங்க கம்மியாக் காட்டிச் சரக்கை அதிகமா அனுப்பி, மிச்சத்துக்கு அங்கேயே பணம் வாங்கிக்கிறது. இந்த மாதிரி எத்தனையோ பார்த்தாச்சு பாய்" என்றார். கடத்தல்காரர்களைத் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. கப்பல் சாயங்காலம் கிளம்புகிறது. அடுத்த கப்பலுக்குள் மழை வந்துவிடும். கொட்டகைக் கதவு என் கண்முன்னாலேயே சாத்திக்கொண்டது.

"கடல் காத்து சார். உப்புச் சரக்கு, ஈரம் இழுத்திருக்கும்" என்று சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை. அவர் ஒரு டின்னை உடைக்கச் சொல்லி, ஒரு மிளகாயை எடுத்து ஒடித்தார். படீரென்று ஒடிந்தது. "ஈரமா?" என்றார்.

அப்போதுதான் அஞ்சலை முன்னால் வந்தாள். பயந்துபோய் அல்ல. யாரோ தன் சமையலைக் குறை சொல்லிவிட்ட மாதிரி முகம். "எடை கூடத்தான் சார் செய்யும். அளந்ததுக்கு மேல ஆளுக்கு ஒரு கை போட்டோமில்ல?"

"என்ன கை?"

"கொசுறு சார்."

நான் தலையில் கைவைத்தேன். பெட்டிமேல் உட்கார்ந்திருந்த என் மடியிலிருந்து டைப்ரைட்டர் சரியப் பார்த்தது.

"யார் போடச் சொன்னது?" என்று அதிகாரி கேட்டார். அவர் பார்வை பாய்மேல் இருந்தது.

"கொசுறு போடறதை யாராச்சும் சொல்லுவாங்களா சார்? அவங்க கடல் தாண்டி இருக்கறாங்க. தராசு முள்ளைப் பாக்க முடியாது, பேரம் பேச முடியாது. சரியா அளந்து மூடியப் போட்டா, மரக்காணத்துக்காரிங்க கஞ்சம் புடிச்சவளுங்கன்னு நெனைக்க மாட்டாங்க? மூடி போடறதுக்கு முன்னால ஒரு கை அள்ளிப் போட்டோம். உங்க ஊட்டுல காய் வாங்கினா கறிவேப்பிலை கொசுறு தர்றதில்லையா?"

அதிகாரி ஒடித்த மிளகாயை டின்னிலேயே போட்டார். பிறகு, "தரலைன்னா நான் கேட்டு வாங்குவேன்" என்றார். அப்படிச் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். திரும்பி இன்னும் நான்கு பெட்டிகளை நிறுக்கச் சொன்னார். ஒன்றில் கொஞ்சம் கூடுதல், ஒன்றில் நிறையக் கூடுதல்.

"திட்டம் போட்டுச் செய்யறவன் எல்லாத்துலயும் ஒரே அளவு ஏத்துவான். இது பெட்டிக்குப் பெட்டி வேற வேறயா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"கை பெரிசு சிறிசு இருக்குமில்ல சார். இதோ இந்தப் பெட்டி குப்பம்மா அடைச்சது. அவ அள்ள ஆரம்பிச்சா நம்ம புடிச்சு நிறுத்தணும்" என்றாள் அஞ்சலை.

"நம்பறேன்மா. ஆனா கவர்மென்ட்டுக்குக் கொசுறு தெரியாது" என்றார் அதிகாரி. "காகிதமும் பெட்டியும் ஒண்ணா இருக்கணும். டின்னைப் பிரிச்சுக் கூடுதலை எடுத்துடுங்க. நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

எனக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானே! ஈயம் பற்றவைப்பவனைப் பிடித்தால் முடிந்தது. எழுந்தேன். அஞ்சலை அசையவில்லை.

"போட்டதை எப்படி சார் எடுக்கறது?" என்றாள். "அது எங்களுது இல்லையே. அளந்தது வியாபாரம், போட்டது குடுத்தது. குடுத்ததைத் திரும்ப எடுத்தா அந்தக் கை வெளங்குமா?"

"அக்கா, உன் கொசுறால கொட்டகையே மூடப் போவுது. செல்வி பேரை மறுபடி எடுக்கப் போறாங்க. புரியுதா இல்லையா?" என்று கத்தினேன். துறைமுகம் என்றும் பார்க்கவில்லை, அதிகாரி என்றும் பார்க்கவில்லை. அவள் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டினாள். பாயாவது ஒரு வார்த்தை அதட்டிச் சொல்வார் என்று பார்த்தால், அவர் மெதுவாக, "அஞ்சலை சொல்றது சரிதாம்மா. கையால குடுத்தது பரக்கத்து, அல்லாவோட அருள். அதைத் திரும்ப எடுக்கக் கூடாது" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த இரண்டு பேரையும் அப்படியே கடலில் தள்ளிவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிடலாம் போல இருந்தது.

பாய் என்னைப் பார்த்தார். "பார்ப்போம்" என்றார்.

என்னைப் பார்த்துச் சொன்ன பார்ப்போம். நீயே ஒரு வழி சொல்.

"சார்," என்றேன், "பெட்டியைக் காகிதத்துக்கு மாத்த முடியாதுன்னா, காகிதத்தைப் பெட்டிக்கு மாத்தலாமா? எல்லாப் பெட்டியையும் நிறுத்து, உள்ள இருக்கற எடையை உள்ளபடி போடறேன். கூடுதலுக்குத் தனியா ஒரு வரி. விலை இல்லாம."

அவர் யோசித்தார். விலையில்லாமல் சரக்கு வெளியே போவதென்றால் அதற்கு மேலதிகாரி ஒப்ப வேண்டும், சிறிய அளவு என்பதால் கேட்டுப் பார்க்கலாம் என்றார். ஆனால் ஒவ்வொரு பெட்டியும் நிறுக்கப்பட வேண்டும், ஏழு பிரதியும் புதிதாக வேண்டும், அழித்தல் திருத்தல் கூடாது. அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அழிக்காமல் அடிக்க என்னைவிட யார் இருக்கிறார்கள்?

ஒரு மரப்பெட்டி மேசை, இன்னொரு மரப்பெட்டி நாற்காலி. சுமைத் தொழிலாளர்கள் பெட்டியைத் தராசில் ஏற்ற, அதிகாரி எடையைச் சொல்ல, நான் அடித்தேன். கடல் காற்று காகிதத்தைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. அஞ்சலை தன் இரண்டு கையாலும் காகித ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தூரத்தில் நின்ற கிளியரிங் ஏஜென்ட்டும் காற்று திசை மாறிவிட்டதைப் பார்த்துத் திரும்பி வந்து கார்பன் பேப்பர் எடுத்துக்கொடுத்தார்.

கடைசி வரிக்கு வந்தேன். கொசுறுக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது? பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. வழக்கப்படி விற்பவர் அன்புடன் அளிக்கும் உபரி, விலை கிடையாது என்று பொருள் வரும்படி அடித்தேன். அதிகாரி படித்தார். பேனாவை எடுத்தார்.

"எல்லாம் சரி. அன்புடன் மட்டும் வேணாம்மா. சுங்கத்துல அதுக்கு இடம் கிடையாது."

"அழித்தல் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார், பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு ஏழு பிரதியையும் மேலதிகாரியிடம் எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது எல்லாவற்றிலும் கையெழுத்து இருந்தது. அன்பு அப்படியே இருந்தது.

எங்கள் பெட்டிகள்தான் கடைசியாக ஏறின. பெரிய கயிற்று வலையில் கட்டித் தூக்கினார்கள். அவை ஆகாயத்தில் ஆடியபோது அஞ்சலை, "டேய், பாத்து எறக்குடா, ஒடையும்டா!" என்று கிரேன்காரனைப் பார்த்துக் கத்தினாள். துறைமுகத்தின் அத்தனை இரைச்சலிலும் அவன் திரும்பிப் பார்த்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சற்றுமுன் கத்தியதற்காக அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "போ டைப்பு, நீ கத்தினது எங்க அம்மா கத்தற மாதிரியே இருந்துது" என்றாள்.

பிறகு எத்தனையோ நடந்தது. சிங்கப்பூர் வந்தது, கோட்டக்குப்பத்துப் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போகத் தொடங்கியதும் துபாய் வந்தது. சுண்டைக்காய் வற்றல், உப்பு நார்த்தங்காய் என்று சரக்கு பெருகியது. பாய் ஒருமுறை கொசுறையும் விலையில் சேர்த்துவிடலாமா என்று கேட்டார். "அப்போ அது கொசுறு இல்ல பாய், மொளகா" என்றாள் அஞ்சலை. அதனால் விலையில்லாத அந்த வரி நான் ஓய்வு பெறும்வரை எங்கள் காகிதத்தில் இருந்தது. ஒவ்வொரு புது அதிகாரியும் அதைத் தொட்டுக் கேட்பார். ஒவ்வொருவருக்கும் கறிவேப்பிலையிலிருந்து ஆரம்பித்துச் சொல்வேன். கை அள்ளுவதற்குப் பதிலாக ஒரு சின்னக் கிண்ணம் வைத்தோம், குப்பம்மாவைக் கட்டுப்படுத்த. அவள் கிண்ணத்தைக் கோபுரமாக நிரப்பினாள்.

ஆனால் என் வேலைக்காலத்தில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த நாள் எதுவென்றால், அந்த வருஷத்து முதல் மழை நாள்தான்.

கப்பல் போன பிறகு பினாங்கிலிருந்து சத்தமே இல்லை. வானம் கருக்கத் தொடங்கியது. உப்பு அம்பாரங்களுக்குக் கீற்று போட்டு மூடினார்கள். சில பெண்கள் வெளியூர் போக மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள். அஞ்சலை மட்டும், "நாளைக்குப் போவலாம், நாளைக்குப் போவலாம்" என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். நான் கொட்டகையில் மிச்சச் சரக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலை, தூறல் விழுந்தது. பெண்கள் எல்லாரும் வாசலில் வந்து நின்று உப்பளத்தைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து மழையை வயிற்றெரிச்சலோடு பார்த்த கண்கள்.

அந்தத் தூறலில் ஒரு வாடகைக் கார் சேற்றில் திணறி வந்து நின்றது. கார் வாடகைக்கு எடுக்கும் ஆளே இல்லை பாய். தொப்பி நனைய இறங்கி வந்தார். கையில் தந்தி. என்னிடம் கொடுக்கவில்லை, படிக்கச் சொல்லவில்லை. கொட்டகை வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி தானே சொன்னார்.

"ராவுத்தரு ரெண்டு மடங்கு கேட்டிருக்காரு. மழை முடியறவரைக்கும் வேலை இருக்குது. யாரும் ஊருக்குப் போவாதீங்க."

மழைக்கால வேலையைப் பற்றி முதன்முறையாக அவர் வாயிலிருந்து பார்ப்போம் இல்லாத ஒரு பேச்சு வந்தது.

குப்பம்மா கட்டிய மூட்டையை அங்கேயே அவிழ்த்தாள். யாரோ குலவை போட்டார்கள். அஞ்சலை மூலையில் கிடந்த கோணிச்சாக்கை எடுத்து, ஒரு முனையை உள்ளே மடித்துக் கொங்காணியாக்கிப் பக்கத்தில் நின்ற செல்வியின் தலையில் போட்டாள். "ஓடு, பள்ளிக்கூடத்துக்கு மணி அடிச்சிருவாங்க" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். செல்வி தேங்கிய தண்ணீரையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடினாள். தூறல் வலுத்துக் கொட்டத் தொடங்கியது. எதிரே பாத்திகளில் இருந்த உப்பெல்லாம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

அஞ்சலை இடுப்பில் கைவைத்து வானத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"பெய்யட்டும்" என்றாள்.